வெயில் தினமும்தான் அடிக்குது

தாவீதைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதற்குக் காரணம் அவன் உண்மையைச் சொன்னதுதான்.

ஜாஸ்மினுக்கு அதுதான் ஆறவில்லை. ‘பம்ப்செட் ரூமு சார், காவலுக்குக் கீறேன்’ என்று சொல்லியிருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவன் அப்படிச் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதற்கென்று அவள் கற்றுக்கொடுத்திருந்ததை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர்களிடமும் ஒப்பித்தான்.

“இது ரேடியோ சார். ஆஸ்திரேலியாவுல கடலோரமா ஒரு கம்பம் நட்டுக்கீறாங்க. தண்ணிக்கு அடியில போற கப்பலுக்கெல்லாம் அதுலேர்ந்துதான் சேதி போவும். அத்த நாங்க இங்க குந்திக்கினு புடிக்கிறோம்.”

ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த சூடு அடங்காத நேரம். சுற்று வட்டாரத்தில் ஒயர் வைத்திருந்தவன், பேட்டரி வைத்திருந்தவன், தாடி வைத்திருந்தவன், புது ஆளுக்கு வீடு வாடகைக்கு விட்டவன் என்று எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் கப்பலுக்குப் போகிற சேதியைப் பிடிக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் கேட்கவா வேண்டும்?

அந்த இடம் ஒரகடம் ரோட்டை விட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினால் வரும். கிணறு தூர்ந்துபோனதால் பரசுராமன் என்பவர் கைவிட்ட பம்ப்செட் ரூம். சென்னையில் ஒரு கல்லூரியின் பௌதிகத் துறை அதை வாடகைக்கு எடுத்திருந்தது. உள்ளே ஒரு மேசை. மேசைமேல் ரேடியோ கருவி, அதோடு இணைத்த பேனா, பேனாவுக்கு அடியில், சாவி கொடுத்தால் கடிகாரம்போல மெல்ல நகரும் காகிதச் சுருள். வெளியே சவுக்குக் கழிகளால் ஆன ஒரு பெரிய சதுரச் சட்டம், அதைச் சுற்றிச் செப்புக்கம்பி. சுற்றியது தாவீது. முன்பு படப்பையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் இருந்தவன். இப்போது பேட்டரி மாற்றுவது, சுருள் மாற்றுவது, ஆடு வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை. ஜாஸ்மின் படப்பைக்காரி. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சி சூரியனைப் பற்றியது. சூரியனில் சில சமயம் வெடிப்பு நிகழும். அதன் எக்ஸ் கதிர்கள் வந்து பட்டதும் பூமிக்கு மேலே, மிக உயரத்தில், காற்றடுக்கு ஒன்றில் மின்சாரம் ஏறி அதன் அடி விளிம்பு கெட்டிப்படும். ஆஸ்திரேலியக் கம்பத்தின் அலை அந்த விளிம்பில் பட்டுப் பட்டுத்தான் ஏரிக்கரைக்கு வந்து சேர்கிறது. விளிம்பு கெட்டியானால் அலை பலமாக வரும், பேனா ஏறும். வெடிப்பு அடங்க அடங்கப் பேனா இறங்கும். அந்த இறக்கம் எந்த வளைவில் வர வேண்டும் என்று ஜாஸ்மின் கல்லூரிக் கம்ப்யூட்டரில் இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கு சரியா தப்பா என்று சூரியன்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பெரிய வெடிப்பு வேண்டும். சின்னச் சின்னதாக நிறைய வந்தன. பெரியது வரவில்லை.

சுருள் முடிந்ததும் அதன் ஓரத்தில் ஜாஸ்மின் கையெழுத்துப் போடுவாள். பக்கத்தில் பேராசிரியர் இராமச்சந்திரன் போடுவார். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் அது பதிவு.

தாவீதைக் கொண்டுபோன அன்றே அவள் படப்பை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்தாள்.

“சார், தாவீதைப் பிடிச்சி வச்சிருக்காங்க. நீங்க ஒரு தடவை வந்து இது நம்ம காலேஜ் கருவிதான்னு சொன்னீங்கன்னா போதும்.”

“யாரு தாவீது?”

“நம்ம ரூம்ல சுருள் மாத்தறவர் சார். நீங்க வரப்போல்லாம் எளநி வெட்டித் தருவாரே.”

“ஓ, அவனா?” அவர் குரல் தாழ்ந்தது. “இதுல நாம தலையிடக் கூடாதும்மா. காலம் சரியில்ல. நாளைக்குப் பேப்பர்ல காலேஜ் பேரு வந்துடும். நீயும் ஒதுங்கிக்கோ. ஆமா, இன்ஸ்ட்ருமென்ட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?”

ஜாஸ்மின் போனை வைத்த வேகத்தில் பூத்காரர் எழுந்து வந்து போன் உடைந்துவிட்டதா என்று பார்த்தார்.

அதன் பிறகு தினமும் முகாமுக்குப் போனாள். நெல் குடோன் ஒன்றைப் போலீஸ் முகாமாக்கியிருந்தார்கள். தினமும் வாசலில் நிற்க வைத்தார்கள். ஒருநாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

“அவன் உனக்கு என்ன வேணும்?”

“கூட வேலை செய்யறவரு சார்.”

“எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணுக்கும் அவனுக்கும் கூட என்ன வேலை? எந்தத் தெருக்காரன் அவன்? காலனியா?”

“அதுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?”

கேட்டுவிட்டு அவளே பயந்தாள். படிப்பு மொழி கழன்று வூட்டு மொழி வந்துவிட்டது. ஆனால் இன்ஸ்பெக்டர் சிரித்தார். பொழுதுபோகாத ஒருவர் சிரிக்கிற சிரிப்பு.

“நாளைக்கு வந்து பாக்கறேன். அது கேக்கற மிஷின்தான், அனுப்பற மிஷின் இல்லன்னு நீ காட்டு. காட்டிட்டா அவன் வூட்டுக்குப் போகலாம். காட்டலன்னா அவனோட நீயும் ஏறிக்கோ.”

மறுநாள் காலை அவள் வெள்ளென வந்து ரூமைக் கூட்டினாள். சுவரோரம் சின்னத் தொலைநோக்கியை நிறுத்தி, சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழ வைத்தாள். தினமும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. அட்டையில் வெளிச்ச வட்டம். அதன் கிழக்கு ஓரத்தில் கரும்புள்ளிகள் ஒரு கூட்டமாக, கட்டெறும்பு மொய்த்ததுபோல. இத்தனை பெரிய கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் வெடிக்கும். அவள் மனது ஒரு கணம் துள்ளியது. இந்த நேரத்தில் இது ஒரு சந்தோஷமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தாவீதின் மனைவி ரத்னா அவளுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜீப் வந்தது. பின்னாலேயே ஒயர்லெஸ் வேன். தாவீதை இறக்கினார்கள். இரண்டு கையையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. உதடு வீங்கியிருந்தது.

ரத்னா எழுந்து போய்ப் பார்த்தாள். “இன்னாய்யா கோலம் இது? பல்லுகூட வெளக்கலியா?”

“வெளக்கறதுல ஒண்ணு கொறஞ்சி போச்சு” என்றான் தாவீது. சிரித்தான். முன்பல் இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

ரத்னா சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “எங்க சார் வச்சிக்கீறீங்க அந்தப் பல்ல? அதுலயும் ரேடியோ இருந்துச்சா?”

“ஏய், தள்ளி நில்லு.”

ஒயர்லெஸ் ஏட்டு அப்பாவு வேனிலிருந்து இறங்கி ஒரு நீளக் கம்பியைப் பனைமரத்தில் வீசிக் கட்டினார். வடக்கே, வெகு தூரத்திலிருந்து, பெரிய அதிகாரி பேசுவார். அதனால் வேன் இன்ஸ்பெக்டரை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. வேனுக்குள்ளிருந்து இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் இந்தியில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜாஸ்மின் பேட்டரியை இணைத்துக் கருவியைப் போட்டாள். பேனா ஒருமுறை நடுங்கிவிட்டு நேர்க்கோடு போட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

“இதுதானா?”

“இதுதான் சார்.”

“கோடுதானே போடுது.”

“கோடுதான் சார்.”

“இதைப் போடறதுக்கு ஒரு ரூமு, ஒரு ஆளு, ஒரு பட்டம்.” போலீஸ்காரர்களைப் பார்த்துச் சொன்னார். “பேசற பட்டன் எங்க இருக்கு?”

“கெடையாது சார். இது கேக்கும். அவ்வளவுதான்.”

“பேசாத ரேடியோவா?”

“உங்க வூட்டு ரேடியோவுல நியூஸ் வருது. நீங்க திருப்பிப் பேசுனா அந்த நியூஸ் படிக்கிறவருக்குக் கேக்குமா சார்? அது மாதிரிதான்.”

பின்னால் நின்ற ஒரு போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேசைக்கு அடியில் பார்த்தார். சுவரைத் தட்டினார். சட்டத்தைச் சுற்றி வந்தார். கடைசியில் அலுத்துப்போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தையில் விட்டுவிடுவார் என்று ஜாஸ்மினுக்குத் தோன்றியது.

அப்போது பேனா ஏறியது.

முதலில் ஒரு நூல் அளவு. பிறகு ஒரு விரல் அளவு. பிறகு யாரோ கீழிருந்து தள்ளுவதுபோல நிற்காமல் ஏறியது. ஜாஸ்மினுக்கு இன்ஸ்பெக்டர் மறந்துபோனார், கயிறு மறந்துபோனது.

“அண்ணே!”

தாவீது கட்டிய கையோடு பாய்ந்து வந்தான். “ஏறுது பாப்பா! ஏறுது! காயிதத்த வுட்டு வெளிய பூடப்போவுது, ரேஞ்ச மாத்து, ரேஞ்ச மாத்து!”

அவள் குமிழைத் திருப்பினாள்.

“ஐயா!” வேனிலிருந்து அப்பாவு கத்தினார். “லைன் போச்சுங்கய்யா! சுத்தமாச் செத்துப்போச்சு!”

எல்லோரும் ஜாஸ்மினைப் பார்த்தார்கள். அவள் கை இன்னும் குமிழின் மேலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே கேள்வி. “இன்னாத்த திருப்புன?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடி தாவீதின் கன்னத்தில் விழுந்தது. கேள்வி படித்தவளுக்கு, அடி அவனுக்கு.

“அவரை ஏன் சார் அடிக்கிறீங்க? திருப்புனது நானு!” அவள் கத்திய கத்தலில் ஏரிக்கரையில் மேய்ந்த கொக்குகள் எழுந்தன. “சூரியன் சார் அது! சூரியன்ல வெடிச்சிருக்கு. எனக்கு வர்ற அலை கீழ் விளிம்புல பட்டுத் திரும்புது, அதனால அது பலமாவுது. உங்க அலை அதைத் தாண்டி மேல போய்த் திரும்பணும். நடுவுல கெட்டிப்பட்ட காத்து அதை முழுங்கிடுது. ஒரே வெடிப்புதான். எனக்கு ஏறும், உங்களுக்குச் சாவும்.”

“சூரியனா?” இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய் மேலே பார்த்தார். எல்லா நாளும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. “வெயில் தினமும்தான் அடிக்குது. தினமுமா லைன் போவுது?”

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

கேள்வியில் தப்பில்லை. வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் ஜாஸ்மினுக்குப் பிடித்திருக்கும். அடித்துவிட்டுக் கேட்டதுதான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“ஏத்துடா ரெண்டு பேரையும்.”

ரத்னா போய் ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள். “ஏத்திக்கினு எங்க போவீங்க? என்மேலதான் வண்டி போவணும்.”

“சார்.” ஜாஸ்மின் குரலைத் தாழ்த்தினாள். அதற்கே அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. “என் மிஷின்தான் உங்க லைனைக் கெடுக்குதுன்னு சொல்றீங்க. அப்படின்னா மிஷினை நிறுத்துனா லைன் வரணும். வரணுமா, வேணாமா?”

“வரணும்.”

“நிறுத்தறேன். வந்தா நானே ஜீப்ல ஏறிக்கறேன். வரலன்னா?”

இன்ஸ்பெக்டர் அப்பாவுவைத் திரும்பிப் பார்த்தார்.

“கேக்கறது ஞாயந்தாங்கய்யா” என்றார் அப்பாவு, கம்பியைப் பார்த்துக்கொண்டு.

“வாணாம் பாப்பா!” தாவீது குறுக்கே வந்தான். “நிறுத்திடாத. இதுக்குத்தான ரெண்டு வருசமா குந்திக்கினு கீறோம்? இன்னும் நாலு அடி சேத்து வாங்கிக்கறேன், எனக்கின்னா. அது ஓடட்டும்.”

அவன் சொன்னதுதான் அவளை உலுக்கிவிட்டது. போலீஸ் சொன்னதைவிட, பேராசிரியர் சொன்னதைவிட. இவனுடைய பல்லையும் கன்னத்தையும் இவனே இவ்வளவு மலிவாக வைத்திருக்கும்படி யார் இவனைப் பழக்கியது?

பேனா இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் அதுவரை பார்க்காத உயரம். இன்னும் உச்சியே வரவில்லை. அவளுக்கு வேண்டியது உச்சிக்குப் பிறகு வரும் இறக்கம்.

ஜாஸ்மின் கருவியை அணைத்தாள்.

பேனா செங்குத்தாக விழுந்து அடியில் இடித்து நின்றது. சுருள் மட்டும் நகர்ந்தது.

எல்லோரும் வேனைப் பார்த்தார்கள். அப்பாவு கூப்பிட்டார். பதில் இல்லை. வேறு அலைவரிசை மாற்றிக் கூப்பிட்டார். இரைச்சல்கூட இல்லை. கிணற்றுக்குள் பேசுவதுபோல இருந்தது.

“வரல சார்” என்றாள் ஜாஸ்மின்.

“இரு. அணைச்சாலும் உள்ள சூடு இருக்கும். பேட்டரியக் கழட்டு.”

கழற்றினாள். ஒரு போலீஸ்காரர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் வைத்து, அது ஓடிவிடும் என்பதுபோலப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

லைன் வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் பாக்கலாம்” என்றார் இன்ஸ்பெக்டர். கொஞ்சம் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் பார்த்தார்கள். அவர் நாற்காலி கேட்டு வாங்கி நிழலில் போட்டு உட்கார்ந்தார். விடுவதாகவும் இல்லை, ஏற்றுவதாகவும் இல்லை.

ரத்னா தூக்குச்சட்டியைத் திறந்து, கை கட்டப்பட்ட புருஷனுக்குப் பழையசோற்றைப் பிசைந்து ஊட்டினாள். வலது பக்கம் மென்றால் வலிக்கிறது என்றான். இடது பக்கம் ஊட்டினாள். நடுவில் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் பார்த்தபோது ஒரு கவளத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“துன்றீங்களா சார்? வெசம் இல்ல. சிக்னலும் இல்ல.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜாஸ்மின் ரூமுக்குள் காகிதத்தின் முன்னால் நின்றாள். வெற்றுக் காகிதம் நகர்ந்துகொண்டிருந்தது. இந்நேரம் பேனா உச்சியைத் தொட்டிருக்கும். இப்போது வளைந்திருக்கும். இப்போது இறங்க ஆரம்பித்திருக்கும். எங்கே, எவ்வளவு என்று அவள் கணக்கு சொன்னது. கணக்கு சரியா என்று சொல்ல வேண்டியது வரப்பில் வெயிலில் கிடந்தது, காவலோடு. உலகத்தில் எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் இதைப் பதிந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடமாவது, கருவியை நிறுத்தினால் ஆளை விடுகிறேன் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், எல்லோர் தலைமேலும் நடக்கிற ஒன்று. அதை இல்லை என்று சொல்ல ஒரு தொப்பி போதுமாக இருந்தது.

வெயில் ஏறி நிழல் சுருங்கிய பிறகு வேனுக்குள் இரைச்சல் கேட்டது. இரைச்சலுக்குள் ஒரு குரல் வந்து வந்து போனது. பிறகு நிலைத்தது.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். “பாத்தியா? நிறுத்தினதும் வந்துடுச்சு!”

“நிறுத்தினதும் வரல சார். வெடிப்பு அடங்கினதும் வந்துச்சு. இவ்வளவு நேரம் நீங்க நாற்காலியில உக்காந்திருந்தீங்களே, அது எதுக்கு? பேட்டரியக் குடுக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“திரும்பப் போடறேன். இப்ப லைன் போவுதான்னு பாருங்க.”

வரப்பில் இருந்தவர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அவருக்கே பார்க்க ஆசை வந்துவிட்டது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஜாஸ்மின் இணைத்தாள். பேனா எகிறி, வழக்கமான கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்று, அங்கிருந்து மிக மெதுவாக இறங்கத் தொடங்கியது. கடைசி வால். அவ்வளவுதான் அவளுக்கு மிச்சம்.

வேனில் குரல் பேசிக்கொண்டேயிருந்தது.

“இதோ திருப்பறேன் சார்.” குமிழை வலது பக்கம் திருப்பினாள். “போச்சா? இதோ இந்தப் பக்கம். போச்சா? இன்னும் எத்தன வாட்டி திருப்பணும்? சொல்லுங்க, சாயந்திரம் வரைக்கும் திருப்பறேன்.”

“போவலீங்க” என்றார் அப்பாவு. அவரை யாரும் கேட்கவில்லை. காதில் இருந்த கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார். “ஐயா, அங்கேர்ந்து சொல்றாங்க. காலைல எல்லா ஊர் லைனும் செத்துக் கெடந்துச்சாம். கல்கத்தா, பம்பாய், எல்லாம். நம்மளத் தனியா ஒண்ணும் கேக்கல.”

“ஏன் போச்சுன்னு சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். மேலே மட்டும் பார்க்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“அவுத்து வுடு.”

கயிற்றை அவிழ்த்தார்கள். தாவீது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். ஜாஸ்மின் நகரவில்லை.

“அவ்வளவுதானா சார்?”

“வேற இன்னா? மாலை போடணுமா?”

“அவரு பல்லு?”

“விசாரணைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். போம்மா, போய்க் கோடு போடு.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ரத்னா ஒரு பிடி மண்ணை அள்ளி அது போன திசையில் வீசினாள். பாதி அவள்மேலேயே விழுந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் வந்தார். காலம் சரியில்லை என்று வராதவர், காரை ஏரிக்கரை மண்பாதையில் இறக்கி, அடிப்பாகம் இடிப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

“ஜாஸ்மின்! கேள்விப்பட்டியா? ஜப்பான்லேர்ந்து தந்தி வந்திருக்கு. சமீபத்துல இவ்வளவு பெரிய வெடிப்பு யாரும் பாத்ததில்லயாம். நம்ம பகல்ல நடந்திருக்கு. நம்மகிட்ட இருக்கா? சொல்லு, இருக்கா?”

அவள் காகிதத்தை விரித்துக் காட்டினாள். ஏற்றம். செங்குத்தான விழுகை. வெற்றிடம். வால்.

“ஐயோ! யாரு இப்படி நிறுத்தினது?”

“நான்தான் சார்.”

ஏன் என்று சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே காகிதத்தை விரலால் அளந்தார். அவள் முடித்தபோது அவரும் அளந்து முடித்திருந்தார்.

“சரி, அவன் வெளிய வந்துட்டான் இல்ல? நல்லது. இங்க பாரு. ஏறினது இருக்கு. வால் இருக்கு. நடுவுலதான் இல்ல. அந்த இறக்கத்துக்கு உன்கிட்ட கணக்கு இருக்கே. அதை வச்சு நடுவுல நிரப்பிடு. கருவி ஓடியிருந்தா அதைத்தானே காட்டியிருக்கும்?”

“அதைக் காட்டியிருக்குமான்னு பாக்கறதுக்குத்தான் சார் கருவி. கணக்கை எடுத்துப் பேப்பர்ல வரைஞ்சிட்டு, பேப்பரைக் காட்டிக் கணக்கு சரின்னு சொல்றதா?”

“எல்லாரும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் பண்ணுவாங்க.”

அப்படி இப்படி. அதே வார்த்தையை அவள் இதே வாசலில் இரண்டு நாளைக்கு முன்பு கேட்டிருந்தாள்.

“உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?” என்றார் பேராசிரியர், மிகவும் மென்மையாக.

ஜாஸ்மின் பேனாவை எடுத்தாள். வெற்றிடத்தின் நடுவில், கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில், நிதானமாக எழுதினாள். ‘கருவி நிறுத்தப்பட்டது. உதவியாளர் தாவீது கை கட்டப்பட்டு நின்றார். அவரை விடுவிக்க வேறு வழி இல்லை. கோரியும் கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை.’ ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.

“உங்க கையெழுத்து சார்.”

அவர் படித்தார். மறுபடி படித்தார். “இதெல்லாம் ரெக்கார்டுல எழுதுவாங்களா?”

“நடந்ததைத்தான் சார் ரெக்கார்டுன்னு சொல்லிக் குடுத்தீங்க.”

வாசலில் நிழல் தட்டியது. தாவீது இளநீரோடு நின்றான். கண்ணு திறந்து பதமாகக் கொண்டுவந்திருந்தான்.

“வாங்க சார். நல்லா கீறீங்களா?” பொக்கைச் சிரிப்பு. “பாத்தீங்களா சார், எம்மாம் ஒசரம் ஏறிக்கீதுன்னு?”

பேராசிரியர் அவன் வாயைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். ஜாஸ்மின் நீட்டிய பேனா அந்தரத்தில் இருந்தது.

“அடுத்த வாரம் பேசலாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். கார் பின்னோக்கி வளைந்து, சவுக்குச் சட்டத்தில் இடிக்கப் பார்த்து, தப்பி, ரோட்டைப் பார்த்துப் போனது.

தாவீது இளநீரும் கையுமாக நின்றான். “இன்னா பாப்பா, குடிக்காமக்கூட பூட்டாரு? இத்த இன்னா பண்றது?”

“நீ குடிண்ணே.”

“நானா?”

“உனக்கு இன்னா கொறச்சலு? குடி.”

அவன் யோசித்தான். பிறகு சட்டத்து நிழலில் உட்கார்ந்து, வலிக்காத பக்கமாக வாயைச் சாய்த்து, மெதுவாகக் குடித்தான். ஜாஸ்மின் அட்டையில் சூரியனைப் பிடித்தாள். கரும்புள்ளிக் கூட்டம் ஓரத்தை விட்டு உள்ளே நகர்ந்திருந்தது. இன்னும் பெருத்திருந்தது. அது சூரியனின் இந்தப் பக்கத்தைக் கடந்து போக இன்னும் பல நாள் ஆகும்.

“பேட்டரில சார்ஜ் கீதாண்ணே?”

“ஃபுல்லா கீது.”

அவள் உள்ளே போய் ஒரு கையெழுத்து மட்டும் இருந்த அந்தச் சுருளைக் கழற்றினாள். புதுச் சுருளை மாட்டினாள்.